தோலுக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு?

வாசகர் கேள்வி – பதில்

தோல் பொருள்களைப் பற்றிச் சென்ற இதழில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். இராணிப்பேட்டையில் தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதையும் அதில் குறிப்பிட்டுவிட்டேன். விளைவு, இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விலையுயர்ந்த கைப்பைகளைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் வேலூரில் செவிலியராகப் பணிபுரிகிறேன். பெங்களூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் என் மகள், இந்த ஆண்டு போனஸில் இரண்டு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு ஒரு வெளிநாட்டுக் கைப்பை வாங்கப் போவதாகச் சொல்கிறாள். டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் கணவர், "அதிலிருக்கிற தோல் ஐயாயிரம் ரூபாய்கூடப் பெறாது" என்கிறார். "அப்பாவுக்குத் தோல் தெரியும், பை தெரியாது" என்பது மகளின் பதில். மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சுதான். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: உங்கள் கணவர் சொல்வது பெருமளவுக்குச் சரி. ஆனால் அவருடைய கணக்கில் ஓர் இடத்தில் இடறல் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் மகள் அதையே பிடித்துக்கொள்வார்.

நம் பக்கத்து மாடுகள் வயலிலும் வரப்பிலும் வேலியோரத்திலும் மேய்ந்து வளர்பவை. முள் கீறியது, உண்ணி கடித்தது, தார்க்குச்சி குத்தியது, நோய்க்குச் சூடு போட்டது என்று அந்த மாட்டின் வாழ்க்கை முழுவதும் தோலின் மேற்பரப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்த வடுக்களை மறைப்பதற்காக மேற்பரப்பைத் தேய்த்தெடுத்து, அதன்மேல் வண்ணப் பூச்சு கொடுத்து, இயற்கையான ரேகையைப் போன்ற ஒரு ரேகையை அச்சுத் தகட்டால் அழுத்தி வைப்பார்கள். உங்கள் கணவர் இதைத் தம் கண்ணால் ஆயிரம் முறை பார்த்திருப்பார். ஐரோப்பாவில் கொட்டகைக்குள் வளர்க்கப்படும் கன்றுகளின் தோலில் இத்தகைய வடுக்கள் மிகவும் குறைவு என்பதால், மேற்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே வைத்துப் பதனிட முடிகிறது. 'ஃபுல் கிரெயின்' என்று நம் கம்பெனிகளில் சொல்வது இதைத்தான். அந்தத் தோலுக்கு மூன்று மடங்கோ நான்கு மடங்கோ விலை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது, அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நடுத்தர அளவுள்ள கைப்பை ஒன்றுக்குக் கட்டிங் சேதாரத்தையும் சேர்த்துப் பத்துச் சதுர அடித் தோல் தேவைப்படுவதாகக் கொள்வோம். நம் ஊரில் சதுர அடி இருநூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தோலுக்கு இரண்டாயிரம் ரூபாய். அதைவிட நான்கு மடங்கு விலையுள்ள ஐரோப்பியக் கன்றுத்தோல் என்றாலும் எட்டாயிரம் ரூபாய்தான் ஆகிறது. லைனிங், ஜிப், பித்தளை உருப்படிகள், நூல், அந்த நாட்டுக் கூலி எல்லாவற்றையும் தாராளமாகவே ஏற்றிக்கொண்டாலும், இரண்டே கால் லட்சத்துக்கு வெகு தூரம் இருக்கிறது. பெரிய ஆடம்பரப் பொருள் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளே இதை ஒளிக்காமல் சொல்கின்றன: அவற்றின் விற்பனைத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சில ஆண்டுகளில் அதற்கும் மேல், பொருளைத் தயாரித்த செலவு போக மிஞ்சும் தொகையாகவே இருக்கிறது. கடை வாடகை, விளம்பரம், ஊழியர் சம்பளம் ஆகியவை அதிலிருந்து போன பிறகும் கையில் நிற்கும் லாபம் மிகப் பெரியது.

இன்னொன்றையும் மகளிடம் கேட்டுவிடுங்கள். அவர் வாங்க நினைப்பது, பழுப்பு நிறத்தில் நிறுவனத்தின் முதலெழுத்துகளும் பூக்களும் மாறிமாறி அச்சிட்ட பையா? அப்படியானால் அதன் உடற்பகுதி தோலே இல்லை. லூயி விட்டோன் நிறுவனம் 1896ஆம் ஆண்டிலிருந்து பயன்படுத்தி வரும் அந்த மோனோகிராம் பரப்பு, இன்றைய பைகளில், மேலே பிவிசி என்ற பிளாஸ்டிக் பூச்சு ஏற்றப்பட்ட பருத்திக் கித்தான். மழைக்கும் உரசலுக்கும் நன்றாகவே தாங்கும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதற்குத் தோல் விலை என்று எதையும் கணக்கிட முடியாது. உங்கள் கணவர் சொன்ன ஐயாயிரம்கூடத் தாராளம் என்று ஆகிவிடும். அதே பையின் கைப்பிடியும் ஓரப்பட்டைகளும் மாத்திரம் மரப்பட்டைச் சாறு கொண்டு பதனிட்ட, பூச்சு ஏதும் இல்லாத பசுத்தோல். வெயில் படப்பட அது தேன் நிறத்துக்கு மாறுவதைப் பார்த்து வாங்கியவர்கள் மகிழ்ந்து போகிறார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அந்த நிறமாற்றம் புதிய செய்தி அன்று.

மகள் எந்தப் பையை வாங்கினாலும், வாங்கும் முன் உங்கள் கணவரையும் கடைக்கு அழைத்துப் போகட்டும். பரிசோதனை மேசையில் நாங்கள் முதலில் பார்த்தது, கைப்பிடி உடலோடு சேரும் இடத்தைத்தான். தோலின் வெட்டு ஓரத்தில் வண்ணம் பூசி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடியும் பூச வேண்டும். இப்படி மூன்று நான்கு முறை செய்தால்தான் அந்த ஓரம் கண்ணாடி போல வழவழப்பாகும். ஒரே முறை கனமாகப் பூசி ஒப்பேற்றியிருந்தால், கைப்பிடி வளையும் இடத்தில் ஆறே மாதத்தில் வெடித்து, பல்லி உரித்த சட்டை போலக் கழன்று வரும். ஒருமுறை நானூறு பைகள் கொண்ட ஒரு லாட்டை இந்த ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினேன். மேற்பார்வையாளர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அடுத்தது, தோலின் மேற்பரப்பு உட்புறம் இருக்குமாறு பெருவிரலால் மடக்கிப் பார்ப்பது. மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, விரலை எடுத்ததும் மறைந்துவிட்டால், அது மாட்டின் முதுகுப் பகுதித் தோல். குழாய் குழாயாகத் தடித்த மடிப்பு விழுந்து அப்படியே நின்றால், வயிற்றுப் பகுதித் தோல். பாரம் ஏற்றினால் தொங்கிப் போகும். 'ஜெனியூன் லெதர்' என்ற முத்திரையை நம்பி மயங்க வேண்டாம். தோலின் மேலடுக்கைப் பிளந்தெடுத்த பின் மிஞ்சும் அடியடுக்கில் பூச்சுப் பூசி விற்றாலும், அதுவும் தோல்தான் என்பதால் அந்த முத்திரை பொய்யாகாது.

பிரான்சின் ஹெர்மெஸ் நிறுவனம் தன் புகழ்பெற்ற பைகளைத் தைக்கும் விதம் வேறு. மெழுகு தோய்த்த நூலின் இரு முனையிலும் இரண்டு ஊசிகளைக் கோத்து, ஒரே துளையில் இரு புறமிருந்தும் வாங்கித் தைப்பார்கள். குதிரைச் சேணம் தைத்த காலத்திலிருந்து வரும் முறை அது. இயந்திரத் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் நூல் ஓடிவிடும். இதில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். ஒரு பையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கைவினைஞர் செய்கிறார். இதற்குக் கூடுதல் விலை கேட்டால் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டே கால் லட்சத்துக்கு உங்கள் மகளுக்குக் கிடைப்பது அந்தப் பை அன்று.

என் மதிப்பீட்டில், இந்தியாவில் தயாராகும் நல்ல முழுத்தோல் கைப்பை ஒன்று எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். புதுச்சேரியில் 1978இல் தொடங்கிய ஹைடிசைன் போன்ற நிறுவனங்கள் அந்த விலையில் செய்வது, தோலாலும் தையலாலும் தலை குனிய வேண்டிய பை அன்று. அதற்குமேல் விலை ஏறுகிற வேகத்தில் தரம் ஏறுவதில்லை. மிச்சப் பணம் பெயருக்குப் போகிறது.

பெயருக்குப் பணம் கொடுக்கக் கூடாதா என்றால், அது வேறு கேள்வி. ஆரணிப் பட்டு எடுக்கக் கல்யாணத்துக்குக் கல்யாணம் போகிறோம். மூன்று முறை கட்டிவிட்டு அலமாரியில் அடுக்கிவைக்கும் புடவைக்கு அறுபதாயிரம் கொடுத்தபோது, நூல் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று வீட்டில் யாரும் கணக்குக் கேட்கவில்லை. உங்கள் மகள் சொந்தச் சம்பாத்தியத்தில், கடன் அட்டைத் தவணை இல்லாமல், சேமிப்பில் கை வைக்காமல் வாங்குகிறார் என்றால் வாங்கிக்கொள்ளட்டும். தவணையில் என்றால் வேண்டவே வேண்டாம். "நல்ல தோல் என்பதால் வாங்குகிறேன்" என்று மட்டும் அவர் அப்பாவிடம் சொல்லாமலிருந்தால், மூன்று வாரப் பேச்சு முடிந்துவிடும்.

கேள்வி: இத்தகைய பைகளைத் தங்கத்தைப் போல முதலீடாக வாங்கலாம், வருடா வருடம் விலை ஏறுகிறது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: கடையில் விலை ஏறுவது உண்மை. ஷனேல் நிறுவனத்தின் நடுத்தர அளவு 'கிளாசிக் ஃபிளாப்' பை 2019இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 5,800 டாலருக்கு விற்றது. 2024இல் அதன் விலை 10,000 டாலருக்கு மேல். இடைப்பட்ட காலத்தில் ஆட்டுத்தோல் மாறவில்லை, தையல் மாறவில்லை. விலைச்சீட்டு மட்டும் மாறியது. ஆனால் கடைக்காரர் விற்கும் விலை ஏறுவதும், நீங்கள் விற்கப் போகும்போது உங்களுக்குக் கிடைக்கும் விலை ஏறுவதும் ஒன்றாகாது. பெரும்பாலான பைகள் கடை வாசலைத் தாண்டியதுமே புது மோட்டார் பைக்கைப் போல மதிப்பு இழக்கின்றன. போட்ட பணத்துக்கு மேல் திரும்பக் கிடைப்பது ஹெர்மெஸ் நிறுவனத்தின் பிர்கின், கெல்லி முதலிய மிகச் சில வகைகளுக்குத்தான். அவற்றைக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடவும் மாட்டார்கள்.

பிர்கின் பையின் கதை உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும். நடிகையும் பாடகியுமான ஜேன் பிர்கின் விமானத்தில் தம் கூடைப்பை கவிழ்ந்து பொருள்கள் சிதறியபோது, பக்கத்து இருக்கையில் இருந்த ஹெர்மெஸ் தலைவர் ழான்-லூயி டூமாவோடு பேசியதில் உருவான பை அது; 1984இல் வெளிவந்தது. ஜேன் பிர்கினுக்காகச் செய்த முதல் பை 2025 ஜூலை 10 அன்று பாரிசில் ஏலத்துக்கு வந்தபோது 86 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. அந்தப் பை பல ஆண்டுகள் உழைத்துக் கறை படிந்தது. மூடியில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள். பட்டையில் ஒரு நகவெட்டிகூடத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த விலை அந்த அம்மையாருக்குக் கொடுத்த விலை. நீங்களோ நானோ பத்து ஆண்டு உழைத்த பையில் நகவெட்டியைத் தொங்கவிட்டால் நகவெட்டிக்குத்தான் விலை கிடைக்கும்.

தங்கத்தோடு ஒப்பிட்டீர்கள். ஒரு சவரன் காசை எடுத்துக்கொண்டு குடியாத்தத்தில் எந்த அடகுக்கடைக்குப் போனாலும் உரசிப் பார்த்து, எடை போட்டு, அரை மணி நேரத்தில் பணம் கொடுத்துவிடுவார்கள். பையைக் கொண்டுபோனால், அது அசலா என்று பார்த்துச் சொல்லக்கூடிய ஆள் அந்தத் தெருவில் இல்லை. பெட்டி, பில், துணி உறை எல்லாம் பத்திரமாக இருந்தாலும், பெருநகரங்களில் இதற்கென்றே இயங்கும் பழைய பொருள் விற்பனையாளர்களைத் தேடிப் போய், அவர்களுக்குரிய தரகையும் கழித்துக்கொண்டு, வாங்குபவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு உதவாத ஒன்றை முதலீடு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. போகட்டும், வருமான வரித்துறையும் கண் வைத்திருக்கிறது: 2025 ஏப்ரல் 22 முதல் பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைப்பை வாங்கினால், விற்பவர் விலையில் ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், பை வாங்கிய செய்தி உங்களுக்கு முன்பே அங்கே போயிருக்கும்.

கேள்வி: 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று நாலாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதே தொழிற்சாலையில் தயாராகிப் பின்வாசல் வழியாக வருவது என்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகி, வாணியம்பாடி

பதில்: வாங்க வேண்டாம். பின்வாசல் கதையை நம்பவும் வேண்டாம். அசல் பையின் ஜிப்பும் கொக்கியும் நாலாயிரத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். போலி வணிகச் சின்னத்தோடு பொருள் விற்பது, 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையும் ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். வாணியம்பாடியில் இருந்துகொண்டு ரெக்சினில் பெயர் ஒட்டிய பைக்கு நாலாயிரம் கொடுப்பதைவிட, அதே பணத்தில் பெயரே இல்லாத நல்ல தோல் பை ஒன்றை உங்கள் ஊரிலேயே தைத்துக்கொள்ளலாம் என்பது உங்களுக்குத் தெரியாததா?

கேள்வி: நான் ஆம்பூரில் ஸ்டிட்சிங் பிரிவில் வேலை செய்கிறேன். நாங்கள் தைப்பதை வெளிநாட்டில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று இணையத்தில் பார்த்தால் மயக்கமே வருகிறது. ஐரோப்பாவில் தைப்பவர்களுக்காவது அந்த விலைக்கேற்ற கூலி கிடைக்கிறதா?
– ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: எல்லா இடத்திலும் இல்லை, சகோதரி. 2024 ஜூனில் இத்தாலியின் மிலான் நீதிமன்றம், டியோர் நிறுவனத்தின் துணை நிறுவனமொன்றை நீதிமன்றக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு கைப்பையைச் சேர்த்துத் தைப்பதற்கு ஒப்பந்ததாரர் ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட தொகை 53 யூரோ என்று விசாரணை ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. தோல் விலை அதில் சேராது என்பதையும் சொல்ல வேண்டும். மிலான் நகரைச் சுற்றியிருந்த அந்தப் பட்டறைகளில் தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்திலேயே படுத்து உறங்கினார்கள். வேகத்தைக் கூட்டுவதற்காக இயந்திரங்களின் பாதுகாப்புக் கவசங்கள் கழற்றப்பட்டிருந்தன. அந்த ஒப்பந்ததாரர்களுக்கு இனி வேலை கொடுப்பதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. 2025இல் கண்காணிப்பும் விலக்கப்பட்டது. 'இத்தாலியில் தயாரிக்கப்பட்டது' என்ற வரியைப் படிக்கும்போது ஜன்னலோரம் அமர்ந்து ஒரு முதியவர் நிதானமாகத் தைப்பதாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்களைப் போலவே பீஸ் கணக்கில் மல்லுக்கட்டுபவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

விலைச்சீட்டில் ஏறாத இன்னொரு செலவு உண்டு. அது நம் வாசலில் ஓடுகிறது, அல்லது ஓடாமல் கிடக்கிறது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான ஈட்டைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நாட்டின் சட்டக் கல்லூரிகளில் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அதைப் பாடம் நடத்துகிறார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. உப்பேறிய கிணற்றைக் கைவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடும்பம், அந்தப் பையின் விலையில் ஒரு பகுதியை ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: 'வீகன் லெதர்' பை எப்படி?
– ஒரு மாணவி, காட்பாடி

பதில்: பெயர் புதிது, பொருள் பெரும்பாலும் பழைய பியூ (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசிய) ரெக்சின்தான். விலங்கைக் கொல்லாத பொருள்தான் வேண்டும் என்பது உங்கள் கொள்கையானால் தாராளமாக வாங்கலாம். ஆனால் தோலின் ஆயுளை எதிர்பார்க்காதீர்கள். காற்றிலுள்ள ஈரமே பியூ பூச்சைச் சிதைத்துவிடும். அலமாரியில் வைத்தபடியே இரண்டு மூன்று ஆண்டுகளில் உதிரத் தொடங்கினால் பை மேல் குற்றமில்லை. ஐந்நூறு, ஆயிரத்துக்குள் வாங்குங்கள்.

கேள்வி: என் அண்ணன் துபாயிலிருந்து வாங்கிவந்த தோல் பையில் ஐப்பசி மழைக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது. தேங்காயெண்ணெய் தடவி வெயிலில் வைக்கச் சொல்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி, அரக்கோணம்

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தேங்காயெண்ணெய் திட்டுத் திட்டாகக் கறுத்து ஊறிவிடும், பிறகு எடுக்க முடியாது. நம் ஊர் வெயில் தோலிலுள்ள எண்ணெய்ப் பசையை உறிஞ்சி வெடிக்க வைத்துவிடும். உலர்ந்த மென்துணியால் வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்துவிட்டு, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் நிழலில் விடுங்கள். அதன்பின் நிறமில்லாத ஷூ கிரீமை மிகச் சிறிதளவு எடுத்து, முதலில் அடிப்பாகத்தில் ஓர் ஓரத்தில் தடவிப் பார்த்து, நிறம் மாறவில்லையென்றால் மற்ற இடங்களுக்கும் தடவலாம். உள்ளே பழைய செய்தித்தாளை அடைத்தால் மை ஒட்டும். வெள்ளைத் தாளாக அடையுங்கள். பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டுப் பழைய பருத்தித் தலையணை உறைக்குள் போட்டு வைத்தால், தையும் மாசியும் வரை கவலையில்லை. பீரோவின் அடித்தட்டில் மட்டும் வைக்காதீர்கள். தரையின் ஈரம் அங்கேதான் முதலில் ஏறும்.